தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள்

கேள்வி: அக்கா, நான் தேவகோட்டை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. போன தை மாதம் அப்பாவுக்கு மதுரையில் ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை எடுத்தார்கள். துணைக்கு நான்தான் போனேன். ஒரு அக்கா அப்பாவின் தலையெல்லாம் ஒயர் ஒட்டிவிட்டு, விடிய விடிய அடுத்த அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கும் அந்த வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. சித்தப்பா, "தூங்குறவனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க ஒரு படிப்பா?" என்று சிரிக்கிறார். ராத்திரி வேலை என்றதுமே அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. ஆறு வாரத்தில் ஆன்லைனில் சான்றிதழ் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். இயற்பியல் படித்தது போதுமா? வேறு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? (அப்பாவுக்கு ராத்திரி மூச்சுக்காகக் கொடுத்த மெஷினை அவர் பத்து நாள் போட்டுவிட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். அது வேறு கதை.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் சித்தப்பா இப்போது கேட்பதை என் அப்பத்தா இருபது வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அடுத்தவுக தூங்குறதைப் பாக்க உனக்குச் சம்பளமா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அது சரியான வர்ணனைதான். ஆனால் பார்ப்பது என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

முதலில் கையிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள், கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உங்கள் அப்பாவுக்கு அந்த அக்கா ஒயர் ஒட்ட முக்கால் மணி நேரமாவது எடுத்திருப்பார். கையில் ஒரு டேப்பும் மெழுகுப் பென்சிலும் வைத்திருந்ததைக் கவனித்தீர்களா? துணிக்கடையில் அளப்பது மாதிரிதான் தலையை அளப்போம். மூக்குத் தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரியில் துருத்தும் எலும்பு வரை 36 செ.மீ. என்று வையுங்கள். பாதி 18. ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காது வரை உச்சி வழியாக 38 என்றால் பாதி 19. இந்த இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம் நடு உச்சி. அங்கிருந்து வலது காதை நோக்கி, 38-ல் 20 சதவீதமான 7.6 செ.மீ. இறங்கினால் 'சி4' என்ற புள்ளி. வலப்பக்கம் இரட்டைப்படை, இடப்பக்கம் ஒற்றைப்படை. தூரங்களெல்லாம் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரிவதால் இதற்கு டென் ட்வென்டி முறை என்று பெயர். 1958-ல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்டது, இன்றும் உலகம் முழுக்க இதே கணக்குதான். குழந்தையின் சின்னத் தலையானாலும் பெரியவரின் வழுக்கையானாலும் சதவீதம் மாறாது என்பதுதான் அதன் அழகு.

நெற்றிப் பக்கம், நடு, பின்மண்டை என்று மூன்று இடத்தில் ஏன் ஒட்டுகிறோம் தெரியுமா? கண்ணை மூடி விழித்திருக்கும்போது வரும் ஆல்பா அலை பின்மண்டையில் நன்றாகத் தெரியும். ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான பெரிய அலைகள் முன்பக்கம் ஓங்கி எழும். இரண்டுக்கும் நடுவில் வரும் ஸ்பிண்டில் என்ற சின்ன அதிர்வுக்கு நடு மண்டை. இடம் தவறினால் அலை பொய் சொல்லும். அப்புறம் கண்ணோரத்தில் இரண்டு, தாடைத் தசைக்கு, கால் முன்தசைக்கு, நெஞ்சில் இ.சி.ஜி.க்கு, மூக்கில் காற்றோட்டத்துக்கு இரண்டு வகை சென்சார், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப், கழுத்தருகே குறட்டை மைக். இத்தனையையும் சுமந்துகொண்டு ஒரு மனிதர் தூங்கவேண்டும்!

இனி நம் ஊர் சங்கதிக்கு வருகிறேன். எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித் தராது. ஸ்டடிக்கு வரும் ஆச்சிமார்களில் பாதிப்பேர், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தலைக்கு நன்றாக எண்ணெய் தடவி வழித்துச் சீவி, பூ வைத்துக்கொண்டு வருவார்கள். எண்ணெய்ப் பிசுக்கில், ஒயர் நுனியில் இருக்கும் எலெக்ட்ரோடு நிற்காது. தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலுள்ள மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும், எண்ணெய்த் தலையில் அது எங்கோ போய் நிற்கும். தேய்க்கும் ஜெல்லைப் பஞ்சில் எடுத்து, வகிடு பிரித்து, வலிக்காமல், ஆனால் உறுதியாகத் தேய்க்கவேண்டும். எண்பது வயதுத் தோலில் அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். நாசூக்காகத் தேய்த்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கழன்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ளவேண்டும். அதனால்தான் முதல் நாளே போனில், "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க ஆச்சி" என்று சொல்லிவிடுவேன். அடர்த்தியான நெயில் பாலிஷும் வேண்டாம், விரல் கிளிப்பைக் குழப்பும்.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் ஒரு எலெக்ட்ரோடு வரவேண்டும். முன்னால் வைரத் தோடு. மூக்கில் குழாய் வரவேண்டும். அங்கே மூக்குத்தி. கழற்றச் சொன்னால் சிலருக்குக் கண் கலங்கும். கல்யாணத்தன்று போட்டதை அதுவரை கழற்றியே இருக்கமாட்டார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். குழாயைக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்தினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். கழற்றினால் கூட வந்தவர் கையில் கொடுத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதெல்லாம் தொழில்நுட்பமா என்று கேட்காதீர்கள், தொழில்நுட்பத்தில் பாதி இதுதான்.

இயற்பியல் படித்தது வீணா? இல்லை. அந்தப் பட்டம் இருப்பதால் சில விஷயங்கள் உங்களுக்குச் சட்டென்று புரியும். நம் ஊர்ப் பெண்ணுக்கு எலெக்ட்ரோடு என்ற சொல்லே புதிதாக இருக்காது. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறதே! அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் நிறுவனம். அதே 1953-ல்தான் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர், தூங்கும்போது கண்விழிகள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் உண்டு என்று எழுதினார்கள். அதைத்தான் ரெம் தூக்கம் என்கிறோம், கனவுகள் அதிகம் வருவது அங்கேதான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சிக்ரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வருடம் ஞாபகம் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூளையிலிருந்து வரும் சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். சுவரில் ஓடுவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு எலெக்ட்ரோடு சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகுந்து, திரையில் கம்பளி விரித்தது மாதிரி தடித்த பட்டை விழும். அப்போது புதியவர்கள் எல்லோரும் செய்வது, அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு அதை மறைப்பது. மறைக்காதீர்கள். எழுந்து போய் எலெக்ட்ரோடைச் சரிசெய்யுங்கள். ஃபில்டர், சாம்பிளிங், டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் நீங்கள் பாடமாகப் படித்தவைதானே. மூளை அலைக்கு 0.3 முதல் 35 ஹெர்ட்ஸ், தாடைத் தசைக்கு 10 முதல் 100 ஹெர்ட்ஸ் என்று ஃபில்டர் வைப்பது ஏன் என்று உங்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும், மற்றவர்கள் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கத்திரி வெயில் நேரம், லேப் ஏசி படுத்துவிட்டது. அன்றைய பதிவை மறுநாள் பார்த்த பயிற்சிப் பையன் ஓடிவந்து, "அக்கா, இவர் ராத்திரி பூரா ஆழ்ந்த தூக்கம், கும்பகர்ணன்தான்" என்றான். திரையில் பெரிய பெரிய மெதுவான அலைகள். நோயாளியைக் கேட்டால் கண்ணே மூடவில்லை என்கிறார். இருவர் சொன்னதிலும் அவர் சொன்னதுதான் உண்மை. அது மூளை அலையே இல்லை, வேர்வை. உப்பு நீர் எலெக்ட்ரோடுக்குக் கீழே ஊறி, கோடு கடல் அலை மாதிரி ஆடியிருக்கிறது. மூச்சோடு சேர்ந்து ஆடுகிறதா, மற்ற அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

அப்புறம் ஸ்கோரிங். ராத்திரி முழுக்கப் பதிவானதை 30 நொடிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் விழிப்பா, லேசான தூக்கமான என்1-ஆ, அதைவிட ஆழமான என்2-ஆ, ஆழ்ந்த தூக்கமான என்3-ஆ, ரெம்மா என்று எழுதவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம். ஸ்பிண்டிலோ, கே-காம்ப்ளெக்ஸ் என்ற கூர்மையான பெரிய அலையோ வந்தால் என்2. 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயரமுள்ள மெதுவான அலைகள் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் என்3. விழிகள் ஓடி, தாடைத் தசை அடங்கிக் கிடந்தால் ரெம். 1968-ல் வந்த பழைய விதிகளை மாற்றி அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2007-ல் வெளியிட்ட கையேடுதான் இன்றைய அடிப்படை. அதற்குத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், படித்துக்கொண்டே இருக்கவேண்டும். கூடவே மூச்சு நின்ற இடங்கள், குறைந்த இடங்கள், கால் உதைத்த இடங்கள், அரைகுறையாக விழித்த இடங்கள் எல்லாம் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். மூச்சின் அளவு 90 சதவீதமோ அதற்கு மேலோ விழுந்து 10 நொடியாவது நீடித்தால்தான் அது மூச்சு நின்றதாகக் கணக்கு. ஒன்பது நொடிக்குக் கணக்கில்லை.

நம் பக்கத்துப் பழைய பேரேடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வரவும் பற்றும் அதனதன் இடத்தில் இருக்கும், ஒரு அணா உதைத்தாலும் கணக்கப்பிள்ளை சாப்பிடப் போகமாட்டார். அந்தப் புத்திதான் இங்கே வேண்டும். உதாரணத்துக்கு ஒருவருக்கு ராத்திரியில் 84 முறை மூச்சுத் தடை. அவர் தூங்கியது 5 மணி நேரம் என்றால் மணிக்கு 16.8, அதாவது நடுத்தர அளவு நோய். தூங்கிய நேரத்துக்குப் பதிலாகப் படுக்கையில் கிடந்த 8 மணி நேரத்தால் வகுத்துவிட்டால் 10.5, லேசான நோய். எண்ணியதில் பிழையே இல்லை, வகுத்ததில்தான் பிழை. ஆனால் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை மாறிப்போகலாம்.

இனி என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், விடியற்காலை நாலு மணி. அந்த நேரத்தில் உடம்பு தானாகவே அடங்கிவிடும். உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் விரல் கிளிப் கழன்று ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. ஆக்ஸிஜன் கோடு வெறுமையாக ஓடியிருக்கிறது. அந்த ஐம்பது நிமிடம்தான் அவருடைய நீளமான ரெம். மூச்சுத் தடை பலருக்கு ரெம்மில்தான் மோசமாகும். "சிக்னல் சரியில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் சீனியர் அம்மா அருகில் நின்று, "என்ன நடந்ததோ அதை எழுது" என்றார். எழுதினேன். திருப்பத்தூரிலிருந்து அந்த மனிதர் இன்னொரு ராத்திரி வரவேண்டியதாயிற்று, அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. இந்த வேலையில் ராத்திரி தவறவிட்டதைக் காலையில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. உருவாக்கவும் கூடாது. பதிவு எப்படியோ, அப்படித்தான் டாக்டரின் கண்ணும். நீங்கள் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது, கழன்ற எலெக்ட்ரோடை எழுந்துபோய் ஒட்டுகிறவரா, இல்லை உட்கார்ந்தபடி சமாளிக்கிறவரா என்பதைத்தான்.

மூச்சுத் தடை அதிகம் உள்ளவர்களுக்கு நடுராத்திரியில் சிபேப் மெஷின் மாட்டுவதும் உங்கள் வேலை. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் கொண்டுவந்த யோசனை: மூக்கு வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் அனுப்பினால் தொண்டை ஒட்டிக்கொள்ளாது. டாக்டர் எழுதிக்கொடுத்த விதிப்படி 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்குவோம். தடை நீங்கவில்லை என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டராக, ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடமாவது பொறுத்து ஏற்றுவோம். மல்லாந்து படுத்து ரெம்மில் இருக்கும்போதும் மூச்சு சீராக இருந்தால் சரியான அழுத்தம் கிடைத்துவிட்டது என்று பொருள். கேட்க எளிது. பெரிய மீசைக்காரருக்கு மாஸ்க் பொருத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் காற்று பீறிடும். பல் செட்டைக் கழற்றியவருக்குக் கன்னம் உள்ளே போயிருக்கும். அவசரத்தில் இறுக்கிக் கட்டினால் காலையில் மூக்குத் தண்டில் புண்.

அதற்கும் முன்னால், அவர் தூங்கவேண்டும். வளவில் வானம் பார்த்துப் பாய் விரித்துப் படுத்தே பழகிய ஐயா ஒருவர், நான்கு பக்கமும் அடைத்த ஏசி அறைக்குள் வந்து, "என்னத்தா, காத்தே வரலையே" என்றார். புது இடம் என்பதாலேயே முதல் ராத்திரி தூக்கம் குறைவாக இருப்பது உலகமெங்கும் தெரிந்த விஷயம். அவருக்கு அறையைச் சுற்றிக் காட்டி, கேமரா எங்கே இருக்கிறது, கூப்பிட்டால் நான் எங்கிருந்து வருவேன், பாத்ரூம் போக ஒயர்க் கொத்தை எப்படிக் கழற்றுவேன் என்று சொல்லி, பேச்சோடு பேச்சாகக் கொஞ்சம் ஊர்க்கதையும் கேட்டால்தான் தூக்கம் வரும். விளக்கை அணைக்கும் முன் மைக்கில் அவரிடம் சொல்லி ஒவ்வொன்றாகச் சோதிப்போம்: கண்ணைத் திறந்து அரை நிமிடம், மூடி அரை நிமிடம், தலையை அசைக்காமல் விழியை மட்டும் இடம், வலம், மேல், கீழ், பல்லைக் கடியுங்கள், குறட்டை மாதிரி ஒலி எழுப்புங்கள், மூச்சைப் பிடியுங்கள், பாதத்தை மடக்குங்கள். குறட்டை விடச் சொன்னால் பெரிய மனிதர்களுக்கெல்லாம் வெட்கம் வந்துவிடும்.

கேள்வி கேட்பதும் ஒரு கலைதான். பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் என்று எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, மொத்தம் 24 மதிப்பெண், பத்துக்கு மேல் போனால் கவனிக்கவேண்டும். ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. கார் ஏறாதவருக்குப் பஸ் பயணம் என்று விளக்கலாம், ஆனால் பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது. குறட்டையைப் பற்றி மனைவியைக் கேட்கச் சொல்லும் பாடப்புத்தகம். நம் வீடுகளில் வயதானபின் ஐயா முகப்பில் படுப்பார், ஆச்சி இரண்டாம் கட்டில் படுப்பார். "எனக்கென்ன தெரியும்" என்பார் ஆச்சி. ஐயா பக்கத்தில் படுக்கும் பேரப்பிள்ளையைக் கேளுங்கள், நடித்தே காட்டுவான்.

ஆபத்து நேரம் அபூர்வம்தான், ஆனால் வரும். உயிர்காக்கும் முதலுதவியான சி.பி.ஆர். கற்று, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். இ.சி.ஜி.யில் எந்தத் தாளம் வந்தால் காத்திருக்கலாம், எது வந்தால் டாக்டருக்கு உடனே போன் போடவேண்டும் என்று தெரியவேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் குறிக்கவேண்டும். கனவில் வருவதை அப்படியே கைகாலால் நடித்துக் குத்துவிடுகிறவர்களும் உண்டு, நேர் எதிரே போய் நிற்காதீர்கள். காலையில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எனக்கு இருக்காம்மா?" உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். சொல்லக்கூடாது. நோயைச் சொல்வது டாக்டரின் வேலை, "பதிவு நல்லா வந்திருக்கு, டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க" என்பதோடு நிறுத்தவேண்டும்.

படிப்புக்கு வருவோம். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் இயற்பியல் பட்டத்தோடு ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்குச் சேர்வது இனிமேல் கடினம். 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி., நியூரோ லேப் பணியாளர்களோடு ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்டும் இருக்கிறார். அதாவது அங்கீகாரமுள்ள படிப்பும் பதிவும் கேட்கும் திசையில் காற்று அடிக்கிறது. எனவே நியூரோ எலெக்ட்ரோபிசியாலஜி, சுவாச சிகிச்சை போன்ற துணை மருத்துவப் படிப்பு ஒன்றில் சேர்வதுதான் என் யோசனை. நான் இ.இ.ஜி. பக்கமிருந்து வந்தவள், அதனால் எனக்கு முதலாவதன் மேல் கொஞ்சம் பாசம். சுவாச சிகிச்சை படித்தவர்கள் மாஸ்க், அழுத்தம் விஷயத்தில் எங்களை விடக் கெட்டிக்காரர்கள் என்பதையும் மறைக்கவில்லை. மறுபடி முதல் வருடமா என்று மலைப்பாக இருக்கும். இருபத்திரண்டில் அது பெரிய விஷயமில்லை.

அந்த ஆறு வாரச் சான்றிதழ்? பணம் கட்டுமுன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? என் கையால் எத்தனை முழு ராத்திரி ஸ்டடி போடுவேன்? நான் ஸ்கோர் செய்ததைப் பக்கம் பக்கமாக யார் உட்கார்ந்து திருத்துவார்கள்? இரண்டாவது கேள்விக்கு 'வீடியோவில் பார்ப்பீர்கள்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். வட்டிக்கடைக்குப் பர்மா போன நம்மவர்கள் கப்பல் இறங்கியதும் மேலாளாகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதற்கப்புறம்தான் மேலாள். படிப்பு முடிந்தபின் நல்ல லேப் ஒன்றில் ஒரு மூத்தவர் பக்கத்தில் ஒரு வருடமாவது அடுத்தாளாக இருங்கள். ஸ்லீப் டெக்னாலஜிஸ்டுகளுக்கென ஆர்.பி.எஸ்.ஜி.டி. என்ற உலக அளவிலான தேர்வு இருக்கிறது, அனுபவம் சேர்ந்தபின் எழுதலாம், வெளிநாட்டு வேலைக்கு அது நல்ல சாவி. அதற்கு ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு வேண்டும், மேடையில் பேசும் ஆங்கிலம் தேவையில்லை.

கம்ப்யூட்டரே ஸ்கோர் செய்துவிடுமே, வீட்டிலேயே டெஸ்ட் எடுக்கிறார்களே என்று யாராவது பயமுறுத்துவார்கள். இரண்டும் உண்மைதான். நேரடியான குறட்டை கேஸ்கள் வீட்டுக் கருவிக்குப் போகும். இதய நோய், வலிப்பு, குழந்தைகள், காரணம் தெரியாத பகல் தூக்கம் என்று சிக்கலானவை லேபுக்கு வரும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை தூங்க வைத்து அளக்கும் டெஸ்ட்டெல்லாம் வீட்டுக் கருவியால் ஆகாது. மெஷின் போட்ட கணக்கைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். சாதாரணமாகத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையும், நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இருக்கும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பெண் நோயாளிகளுக்குப் பெண் டெக்னாலஜிஸ்ட் வேண்டும், அதனால் உங்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் வேலையில் சேருமுன் கேளுங்கள்: ராத்திரி நான் தனியாக இருப்பேனா, கூட யார், செக்யூரிட்டி எங்கே, ஆண் நோயாளிக்கு ஒயர் ஒட்டும்போது இன்னொருவர் அறையில் இருப்பாரா? நேராகப் பதில் சொல்லாமல் முணுமுணுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். ராத்திரி வேலை உடம்பைத் தின்னும் என்பதும் உண்மை. எனக்கு வயிறும் எடையும் அதில் கெட்டன, இப்போது வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் எடுப்பதில்லை. டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் தேவகோட்டைக்கு வந்துவிடலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள். ஹாஸ்டலில் தூங்கி எழுந்து பஸ் ஏறுங்கள். ஊருக்கு வந்த நாளில் பகலில் தூங்க நம் பழைய வீடுகளின் இரண்டாம் கட்டு அறையைப் போல ஒன்று கிடையாது: கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஜன்னலைச் சாத்தினால் நடுப்பகலும் நள்ளிரவுதான். பக்கத்தில் கல்யாண வீடு இருந்தால் மட்டும் ஒன்றும் செய்யமுடியாது.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, அப்பாவின் மெஷின். அது வேறு கதை இல்லை. உங்களுடைய முதல் கேஸே அதுதான். பெட்டகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஏன் கழற்றினார் என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். மூக்கு காய்ந்துபோனதா, கண்ணில் காற்று அடித்ததா, வாய் திறந்துகொண்டதா, இல்லை பார்க்கிறவர்கள் சிரித்தார்களா? மாஸ்க்கை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அவர் படுத்த நிலையிலேயே பொருத்திப் பாருங்கள். உட்கார்ந்து மாட்டினால் முகத்தின் வடிவம் வேறு. சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது கால் மணி நேரம் போட்டுப் பழகட்டும். அழுத்தத்தை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். ஒரு நோட்டில் ராத்திரி எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்குக் கழற்றினார், கழற்றுமுன் என்ன சொன்னார் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பாதி ராத்திரியில் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நோட்டையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போங்கள். அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், மற்றதை அப்போது பேசிக்கொள்வோம்.